டெஸ்ட் எல்லாம் பாஸ்... ஆனாலும் உள்ளே திருடன்! என்பிஎம் தாக்குதல்களில் நடந்தது என்ன?

2025 செப்டம்பர் 8, திங்கள்கிழமை. இந்திய நேரப்படி மாலை ஏழு மணியை நெருங்கும் நேரம். உலகம் முழுக்க வெப்சைட் கட்டுகிறவர்கள் நம்பிப் பயன்படுத்தும் 18 ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களில் திடீரென்று புது வெர்ஷன்கள் வந்தன. வாரத்துக்கு மொத்தம் 200 கோடி முறைக்கு மேல் டவுன்லோடு ஆகிற பேக்கேஜ்கள் அவை. புது வெர்ஷன் ஒவ்வொன்றுக்குள்ளும் திருட்டு நிரல் ஒன்று ஒளிந்திருந்தது.

சுமார் இரண்டு மணி நேரத்தில் விஷயம் வெளியே தெரிந்து, நீக்கும் வேலை ஆரம்பித்தது. திருடுபோன பணம், தாக்குதலின் பரப்போடு ஒப்பிட்டால் அற்பம். 'அப்பாடா' என்று மூச்சு விடுவதற்குள், அடுத்த வாரமே இன்னொன்று வந்தது. இந்த முறை வந்தது தானே பரவும் புழு. நவம்பரில் அதே புழு இன்னும் பெரிதாகத் திரும்பி வந்தது.

இத்தனைக்கும் பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் டெஸ்ட் எழுதாதவை அல்ல. ஆட்டோமேட்டட் டெஸ்ட், கோட் ரிவ்யூ, பில்டு சர்வர் எல்லாம் இருந்தன. பிறகு எப்படி உள்ளே போனது?

முதலில் இந்த பேக்கேஜ் கதை

இன்று ஒரு வெப்சைட்டின் முகப்பை யாரும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தாங்களே எழுதுவதில்லை. பட்டன் ஒரு பேக்கேஜ். தேதி தேர்ந்தெடுக்கும் காலண்டர் ஒரு பேக்கேஜ். நிறத்தை மாற்றிக் கணக்கிட ஒரு பேக்கேஜ். பெரிய நிறுவனங்களில் ஒவ்வொரு டீமும் தன் பகுதியைத் தனி பேக்கேஜாகச் செய்து, டெஸ்ட் செய்து, வெர்ஷன் நம்பர் போட்டு மற்ற டீம்களுக்குக் கொடுக்கிறது. வேலை வேகமாக நடக்கிறது. ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும். நல்ல முறைதான், சந்தேகமில்லை.

கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல் கான்ட்ராக்டர் இட்லி மாவை வெளியே வாங்குகிறார். மாவு மில்காரர் உளுந்தை மண்டியில் வாங்குகிறார். மண்டிக்கு இன்னொருவர் அனுப்புகிறார். பந்தியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்த ஒரே பெயர் கான்ட்ராக்டருடையது. ஜாவாஸ்கிரிப்ட்டில் இந்தச் சங்கிலி பத்துப் பதினைந்து அடுக்கு போகும். ஒரு சாதாரண புராஜெக்ட்டில் நீங்கள் கேட்டு வாங்கியது 30 பேக்கேஜ் என்றால், அவை தங்களோடு இழுத்துவருவது பல நூறு. ஆயிரத்தைத் தாண்டினாலும் யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

இவை எல்லாம் வைக்கப்பட்டிருக்கும் பொதுக் கிடங்குதான் என்பிஎம். 2010-ல் தொடங்கியது. 2020-ல் கிட்ஹப் வாங்கியது. கிட்ஹப்பை ஏற்கெனவே 2018-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியிருந்தது. இப்போது அந்தக் கிடங்கில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் இருக்கின்றன.

செப்டம்பரில் சிக்கியவற்றில் பிரபலமானவை 'சாக்', 'டீபக்' இரண்டும். சாக் செய்கிற வேலை, டெர்மினலில் வரும் எழுத்துக்குக் கலர் கொடுப்பது. டீபக், பிழை தேடும்போது குறிப்புகளை அச்சிடுவது. இரண்டுமே சின்ன வேலை. ஆனால் சாக்கின் வாராந்திர டவுன்லோடு ஏறக்குறைய 30 கோடி, டீபக் 35 கோடிக்கு மேல். இந்த எண்ணைப் பார்த்து 30 கோடி பேர் பயன்படுத்துகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரு நிறுவனத்தின் பில்டு சர்வர், யாராவது ஒரு வரி மாற்றிச் சேமித்தாலும் எல்லா பேக்கேஜையும் மறுபடி இறக்கும். ஒரே நாளில் ஒரே கம்பெனி நூறு முறை டவுன்லோடு செய்திருக்கும். திருடனுக்கு அதுதான் வசதி. இரண்டு மணி நேரம் போதும். அந்த நேரத்துக்குள் தாங்கள் கவனிக்கும் கிளவுட் அமைப்புகளில் பத்தில் ஒன்றுக்காவது திருட்டு நிரல் போய்ச் சேர்ந்துவிட்டது என்றது விஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம்.

சின்ன பேக்கேஜ் எவ்வளவு பெரிய குழப்பத்தைக் கொண்டுவரும் என்பது 2016-லேயே தெரிந்த விஷயம். 'லெஃப்ட்-பேட்' என்று 11 வரியில் ஒரு பேக்கேஜ். எழுத்துகளின் இடப்பக்கம் காலி இடம் நிரப்பும், அவ்வளவுதான். பெயர் தகராறு ஒன்றில் கோபப்பட்ட அதன் ஆசிரியர், 2016 மார்ச்சில் தன்னுடைய 270-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களை மொத்தமாக நீக்கினார். அதில் லெஃப்ட்-பேடும் போனது. அதை நம்பியிருந்த பேபல் போன்ற கருவிகளின் பில்டு உலகம் முழுக்க நின்றது. என்பிஎம் நிர்வாகமே தலையிட்டு அதைத் திரும்ப வைத்தது. அன்றைக்கு நின்றது வேலை மட்டும்தான். பேக்கேஜ் காணாமல் போனால் உடனே தெரிந்துவிடும். பேக்கேஜ் அப்படியே இருந்து, உள்ளே இருப்பது மாறினால்?

ஒரே ஒரு மெயில்

செப்டம்பர் தாக்குதலுக்கு ஹேக்கர்கள் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. சாக் உள்ளிட்ட பேக்கேஜ்களைப் பராமரிப்பவருக்கு ஒரு மெயில் வந்தது. 'உங்கள் இரண்டடுக்குப் பாதுகாப்பை நீண்ட நாளாக அப்டேட் செய்யவில்லை, செப்டம்பர் 10-க்குள் செய்யாவிட்டால் கணக்கு முடக்கப்படும்' என்ற மாதிரி. அசல் முகவரி 'டாட் காம்' என்று முடியும். இந்த மெயில் வந்த முகவரியில் முன்பாதி அதேதான், கடைசியில் மட்டும் 'டாட் ஹெல்ப்'. அவர் லிங்க்கைத் திறந்தார். பாஸ்வேர்டு போட்டார், ஆறு இலக்க எண்ணையும் போட்டார். போலிப் பக்கம் அந்த எண்ணை அப்படியே அசல் தளத்துக்குக் கொடுத்து உள்ளே நுழைந்துவிட்டது.

நமக்குப் பழகிய கதைதான். 'சார், பேங்க்லேர்ந்து பேசறோம், ஓடிபி சொல்லுங்க' என்று போனில் வருவது. ஓடிபி ஒரு ரகசியம், சரி. ஆனால் அதை யாரிடம் சொல்கிறோம் என்று அந்த ஓடிபிக்குத் தெரியாது. பாஸ்கீயும் பாதுகாப்புச் சாவியும் இந்த இடத்தில்தான் மாறுபடுகின்றன. அவை தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டவை. 'டாட் ஹெல்ப்' கேட்டால் 'டாட் காம்' சாவி வாயே திறக்காது. மனிதர் ஏமாந்தாலும் சாவி ஏமாறாது.

அந்தப் பராமரிப்பாளர் விஷயம் தெரிந்ததும் 'ஆமாம், ஏமாந்துவிட்டேன்' என்று பொதுவெளியில் உடனே சொல்லிவிட்டார். அதனால் மற்றவர்கள் சுதாரிக்க முடிந்தது. சம்பளம் இல்லாமல் வாரத்துக்கு நூறு கோடிக்கணக்கில் டவுன்லோடு ஆகும் பொருளைப் பராமரிக்கும் ஒருவரை, 'இதுகூடத் தெரியாதா' என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அவரவர் நிறுவனத்தில் கடைசியாக நடந்த போலி மெயில் பயிற்சியில் எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசியிருக்கலாம்.

டெஸ்ட் ஏன் பிடிக்கவில்லை?

யூனிட் டெஸ்ட் என்பது ஒரு கேள்வி: இதைக் கொடுத்தால் இது வருகிறதா? சாக்கிடம் சிவப்பு கேட்டால் சிவப்பு வருகிறதா? வந்தது. டீபக் குறிப்பை அச்சிட்டதா? அச்சிட்டது. ஹேக்கர் ஏற்கெனவே இருந்த எதையும் கெடுக்கவில்லை, கூடுதலாக ஒன்றைச் சேர்த்தார். 'இதைத் தவிர வேறு எதையும் செய்யாமல் இருக்கிறதா' என்று கேட்கும் டெஸ்ட்டை யாரும் எழுதுவதில்லை. எழுதவும் முடியாது. 'செய்யக்கூடாதவை' பட்டியலுக்கு முடிவே கிடையாது.

இரண்டாவது காரணம், இடம். பெரும்பாலான டெஸ்ட்கள் நோடு என்ற சூழலில், சர்வரில் ஓடும். அங்கே பிரவுசர் கிடையாது. செப்டம்பர் 8-ன் திருட்டு நிரல் முதலில் பார்த்ததே, 'நான் பிரவுசருக்குள் இருக்கிறேனா, இங்கே கிரிப்டோ வாலட் இருக்கிறதா' என்பதைத்தான். இருந்தால், யாராவது பணம் அனுப்பும்போது பெறுபவரின் முகவரியை மாற்றிவிடும். சும்மா ஏதோ ஒரு முகவரியைப் போடாது. தன்னிடம் இருக்கும் முகவரிகளில், அசலுக்குப் பார்வையில் மிக நெருக்கமானதைக் கணக்கிட்டு எடுத்துப் போடும். நீளமான முகவரியின் முதல் நாலெழுத்தையும் கடைசி நாலெழுத்தையும் மட்டும் சரிபார்ப்பவர்கள்தான் நம்மில் அதிகம். ஆக, டெஸ்ட் நடக்கும் இடத்தில் சமர்த்தாக இருந்துவிட்டு, வாடிக்கையாளரின் பிரவுசரில் வேலையைக் காட்டும் நிரல்.

2018-ல் 'ஈவென்ட்-ஸ்ட்ரீம்' பேக்கேஜில் நடந்தது இதைவிட நுணுக்கம். பராமரிக்க நேரமில்லாத ஆசிரியர், உதவ முன்வந்த முகம் தெரியாத ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்தார். அவர் சேர்த்த புது டிபென்டன்சிக்குள் பூட்டிய பெட்டி மாதிரி ஒரு நிரல். அதைத் திறக்கும் சாவி, 'கோபே' என்ற பிட்காயின் வாலட் ஆப்பின் விவர வரி. அந்த ஆப்பை பில்டு செய்யும்போது மட்டும் பெட்டி திறக்கும். உலகத்தில் வேறு யார் எத்தனை டெஸ்ட் ஓட்டினாலும் பச்சைதான் எரியும்.

மூன்றாவது காரணம் பலருக்கும் தெரியாதது. கிட்ஹப்பில் இருக்கும் மூல நிரலும், என்பிஎம் கிடங்கில் இருக்கும் பொட்டலமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. செப்டம்பர் 8-ல் கிட்ஹப் பக்கம் சுத்தமாக இருந்தது. திருட்டு நிரல் பொட்டலத்தில் மட்டும் இருந்தது. 'ஓப்பன் சோர்ஸ்தானே, எல்லாரும் பார்க்கலாம்' என்ற நம்பிக்கை இங்கே உதவாது. பார்த்த இடம் வேறு, வாங்கிய இடம் வேறு.

சரி, கடைசியில் எப்படித்தான் மாட்டியது? ஒரு பக்கம், புது வெர்ஷன்களை ஸ்கேன் செய்துகொண்டே இருக்கும் ஐகிடோ போன்ற பாதுகாப்பு நிறுவனங்களின் கருவிகள் எச்சரித்தன. இன்னொரு பக்கம், ஒரு டெவலப்பரின் பில்டு காரணமே இல்லாமல் உடைந்தது. 'ஃபெட்ச் என்று ஒன்று இல்லை' என்று பிழைச் செய்தி. அவருடைய சர்வரில் இருந்தது பழைய நோடு வெர்ஷன். திருட்டு நிரல் பயன்படுத்திய 'ஃபெட்ச்' என்ற வசதி அதில் கிடையாது. சின்ன பேக்கேஜ் ஒன்றுக்கு இணையத்தோடு பேசும் வசதி எதற்கு என்று அவர் தோண்டியபோது பூதம் வந்தது. அப்டேட் செய்யாத பழைய சர்வர் காட்டிக்கொடுத்தது என்பது கொஞ்சம் சிரிப்பு வரவழைக்கும் விஷயம்தான்.

தற்செயலாக மாட்டுவது இதில் வழக்கமாகிவிட்டது. ஈவென்ட்-ஸ்ட்ரீம் வெளியே வந்தது, 'இந்த வசதி காலாவதியாகப் போகிறது' என்ற ஒரு வரி எச்சரிக்கையை ஒருவர் விடாமல் துரத்தியதால். 2024 மார்ச்சில் லினக்ஸ் உலகத்தை அதிரவைத்த 'எக்ஸ்இஸட்' கதவு, லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று ஒரு மைக்ரோசாஃப்ட் இன்ஜினீயர் கவனித்ததால். 'டெஸ்ட் பாஸ் ஆச்சு, ஆனா ஏதோ சரியில்லையே' என்று நினைக்க ஒரு ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆளுக்கு அரை நாள் வீணாக்க அனுமதி கொடுக்கும் மேனேஜரும் தேவைப்படுகிறார்.

புழு செய்த வேலை

செப்டம்பர் 15-ஐ ஒட்டி தெரியவந்த 'ஷாய்-ஹுலுட்' வேறு ரகம். 'டூன்' நாவலில் வரும் ராட்சத மணல்புழுவின் பெயர். இதற்கு வாடிக்கையாளரின் பிரவுசர் தேவையில்லை, குறியே டெவலப்பரின் கம்ப்யூட்டரும் பில்டு சர்வரும்தான்.

என்பிஎம்மில் ஒரு வசதி உண்டு. பேக்கேஜை இன்ஸ்டால் செய்யும்போதே, அந்த பேக்கேஜ் சொல்லும் ஒரு ஸ்கிரிப்ட்டும் தானாக ஓடும். நல்ல நோக்கத்துக்காக வைத்தது. புழு அந்த வழியாக நுழைந்தது. நுழைந்ததும் 'டிரஃபிள்ஹாக்' என்ற, ரகசியங்கள் கசிந்திருக்கிறதா என்று நல்லவர்கள் சோதிக்கப் பயன்படுத்தும் கருவியையே இறக்கி, கம்ப்யூட்டர் முழுக்க பாஸ்வேர்டுகளையும் கிளவுட் சாவிகளையும் தேடியது. கிடைத்ததை, பாதிக்கப்பட்டவரின் சொந்த கிட்ஹப் கணக்கிலேயே 'ஷாய்-ஹுலுட்' என்ற பெயரில் பொதுவில் போட்டது. என்பிஎம் டோக்கன் சிக்கினால், அவர் பராமரிக்கும் மற்ற பேக்கேஜ்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றிலும் தன்னைச் சேர்த்து, புது வெர்ஷன் வெளியிட்டது. அதை இன்ஸ்டால் செய்தவர் அடுத்த பலி. ஹேக்கர் தூங்கப் போனாலும் வேலை நடக்கும். முதல் சுற்றிலேயே 500-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களை கிட்ஹப் நீக்க வேண்டியிருந்தது. சைபர் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக்கின் பேக்கேஜ்களும் அதில் இருந்தன.

நவம்பர் 24-ல் வந்த இரண்டாவது சுற்று, இன்ஸ்டால் முடிந்த பிறகு என்பதை மாற்றி, இன்ஸ்டால் தொடங்கும் முன்பே ஓடியது. டெஸ்ட் வரிசையில் நிற்பதற்குள் திருட்டு முடிந்துவிடும். திருடிய தகவல்கள் 25,000-க்கும் மேற்பட்ட கிட்ஹப் பக்கங்களில் கொட்டப்பட்டன. திருட வழி கிடைக்காவிட்டால், பயனரின் ஹோம் ஃபோல்டரையே அழிக்கப் பார்த்தது. ஸேப்பியர், போஸ்ட்மேன், போஸ்ட்ஹாக் போன்ற தெரிந்த பெயர்களின் பேக்கேஜ்கள் சிக்கின.

ஓஎம்ஆரில் இருக்கும் ஒரு அலுவலகத்தின் பில்டு சர்வரை யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளரின் கிளவுட் சாவி அதில் இருக்கும். புரொடக்ஷனுக்கு அனுப்பும் உரிமை இருக்கும். அதே மெஷினில்தான் ஆயிரம் அந்நியர்களின் நிரலை, படிக்காமல், முழு உரிமையோடு ஓடவிடுகிறோம். டெஸ்ட் ஓட்டுவது என்றாலே அந்த நிரலை ஓட்டுவதுதான். சந்தேகப் பொருளைச் சோதிக்க வீட்டுப் பீரோவுக்குள் வைத்துச் சோதிக்கிற மாதிரி.

அவசரமா, பொறுமையா?

இந்தத் தாக்குதல்களில் பலவற்றுக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. ஆயுள் குறைவு. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கண்டுபிடித்து நீக்கிவிடுகிறார்கள். அப்படியென்றால் புது வெர்ஷன் வந்து சில நாள் கழித்துத்தான் எடுத்துக்கொள்வேன் என்று இருந்தால் போதுமே? பிஎன்பிஎம் என்ற மாற்றுக் கருவி செப்டம்பர் 2025-லேயே இதற்கு ஒரு செட்டிங் கொடுத்துவிட்டது. வெளியாகி இத்தனை நிமிடம் ஆகாத வெர்ஷனைத் தொடாதே என்று சொல்லிவிடலாம்.

'எல்லாரும் காத்திருந்தால் யார் முதலில் கண்டுபிடிப்பது' என்று ஒரு எதிர்வாதம் உண்டு. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் எனக்கு அது வலுவாகப் படவில்லை. முதலில் கண்டுபிடிப்பவை பெரும்பாலும் ஸ்கேனர்கள். அவை காத்திருக்கப் போவதில்லை. வெளியான நிமிடமே பிரித்துப் பார்ப்பதுதான் அவற்றின் தொழில்.

நிஜமான சிக்கல் வேறு. அதே ஆண்டு டிசம்பர் 3-ல் ரியாக்ட் 19-ன் சர்வர் காம்போனென்ட்ஸ் பகுதியில் ஓர் ஓட்டை அறிவிக்கப்பட்டது. தீவிரம் 10-க்கு 10. லாகின் எதுவும் இல்லாமல், ஒரே ஒரு கோரிக்கையை அனுப்பி சர்வரில் எந்த நிரலையும் ஓட்டலாம். நெக்ஸ்ட் ஜேஎஸ் பயன்படுத்தும் தளங்களும் மாட்டின. அறிவிப்பு வந்த சில மணி நேரத்தில் தாக்குதல் முயற்சிகள் தொடங்கிவிட்டன. அன்றைக்கு 'ஒரு வாரம் பொறுப்போம்' என்று இருந்தவர் கதை கந்தல்.

ஆக செப்டம்பர் சொன்னது, அப்டேட்டுக்கு அவசரப்படாதே என்று. டிசம்பர் சொன்னது, அப்டேட்டுக்கு ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதே என்று. இரண்டும் சரி. வழக்கமான அப்டேட் தானாக வருவது, தானாகவே காத்திருக்கட்டும். பாதுகாப்பு அறிவிப்போடு வரும் அப்டேட்டை, ஒரு மனிதர் அறிவிப்பைப் படித்து, பெயர் குறிப்பிட்டு, விதிவிலக்கு கொடுத்து உடனே எடுக்கட்டும். பிஎன்பிஎம்மில் இந்த விதிவிலக்குக்கும் இடம் இருக்கிறது. கருவி தயார்தான். அந்த அறிவிப்புகளைப் படிப்பது யாருடைய வேலை என்று பல டீம்களில் யாருக்கும் தெரியாது என்பதுதான் பிரச்சினை.

பேக்கேஜ் பயன்படுத்துகிறீர்களா, செய்கிறீர்களா?

பயன்படுத்துகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது லாக் ஃபைல். பேக்கேஜ் பட்டியலில் வெர்ஷனுக்கு முன்னால் தொப்பி மாதிரி ஒரு குறி இருக்கும். 'இதே பெரிய எண்ணுக்குள் இதைவிடப் புதியது வந்தால் எடுத்துக்கொள்' என்று அர்த்தம். திருட்டு வெர்ஷன் தானாக உள்ளே வந்தது அந்தக் குறியின் தயவில்தான். லாக் ஃபைல் சரியான வெர்ஷனையும் அதன் கைரேகையையும் பதிந்து வைக்கும். ஆனால் பில்டு சர்வரில் சாதாரண 'என்பிஎம் இன்ஸ்டால்' ஓட்டினால், பட்டியலும் லாக்கும் பொருந்தாதபோது அது லாக்கையே திருத்திவிடும். 'என்பிஎம் சிஐ' ஓட்டினால் பொருந்தாவிட்டால் நின்றுவிடும். ஒரு வார்த்தை வித்தியாசம். இன்றே பார்த்துவிடலாம்.

இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்டை 'இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ்' என்ற செட்டிங்கில் மூடிவிடலாம். ஒன்றிரண்டு பேக்கேஜ்கள் முரண்டு பிடிக்கும், அவற்றுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். பிஎன்பிஎம் 10-வது வெர்ஷனிலிருந்து இது மூடியேதான் வருகிறது. டெஸ்ட் ஓட்டும் படியையும் வெளியிடும் படியையும் தனித்தனி மெஷினில் வைத்து, டெஸ்ட் மெஷினில் எந்த ரகசியச் சாவியும் இல்லாமல் பார்த்துக்கொள்வது கொஞ்சம் வேலை. ஆனால் புழு வந்தாலும் திருட ஒன்றும் இருக்காது.

பேக்கேஜ் செய்து மற்ற டீமுக்குக் கொடுக்கிறவர்களுக்கு, டெஸ்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பலர் டெஸ்ட் செய்வது தங்கள் ஃபோல்டரில் இருக்கும் மூல நிரலை. வாடிக்கையாளர் வாங்குவது பொட்டலத்தை. 'என்பிஎம் பேக்' கட்டளையில் பொட்டலத்தைக் கட்டி, அதை ஒரு காலி புராஜெக்ட்டில் இன்ஸ்டால் செய்து, அங்கே டெஸ்ட் ஓட்டிப் பாருங்கள். விட்டுப்போன ஃபைல், தவறிப்போய் உள்ளே வந்த பாஸ்வேர்டு ஃபைல், பட்டியலில் சேர்க்க மறந்த டிபென்டன்சி எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். ஒவ்வொரு வெர்ஷனிலும் பொட்டலத்தின் அளவையும் ஃபைல் எண்ணிக்கையையும் முந்தையதோடு ஒப்பிட்டால் இன்னும் நல்லது. பட்டன் பேக்கேஜ் திடீரென்று பல மடங்கு வீங்கினால் யாராவது கேள்வி கேட்க வேண்டும் இல்லையா?

கம்பெனிக்குள் மட்டும் பயன்படும் பேக்கேஜ் என்றால் பெயரில் கவனம் தேவை. 2021-ல் ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர், பெரிய நிறுவனங்களின் உள் பேக்கேஜ் பெயர்களைத் தெரிந்துகொண்டு, அதே பெயரில் பொதுக் கிடங்கில் பேக்கேஜ் போட்டார். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், பேபால் உள்ளிட்ட 35-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கம்ப்யூட்டர்கள், உள்ளே இருப்பதை விட்டுவிட்டு வெளியே இருப்பதை எடுத்துக்கொண்டன. அவர் செய்தது சோதனை, அதற்குப் பரிசுத்தொகையும் கிடைத்தது. நிறுவனத்தின் பெயரை முன்னொட்டாகப் பதிவு செய்து, அதன் கீழேயே எல்லா உள் பேக்கேஜ்களையும் வைப்பது இதற்கு எளிய மருந்து.

இன்னொன்று, குறைத்துக்கொள்வது. லெஃப்ட்-பேட் செய்த வேலையை ஜாவாஸ்கிரிப்ட் மொழியே 2017-லிருந்து செய்கிறது. டெர்மினலில் எழுத்துக்குக் கலர் கொடுக்கும் வசதி இப்போது நோடிலேயே வந்துவிட்டது. பழக்கத்தில் போட்ட டிபென்டன்சிகளை வருஷத்துக்கு ஒருமுறையாவது எடுத்துப் பார்க்கலாம். போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறோமே, அந்த மாதிரி.

அரசும் நிறுவனங்களும்

கிட்ஹப் தரப்பில் மாற்றங்கள் வந்துவிட்டன. காலாவதியே ஆகாத பழைய ரக என்பிஎம் டோக்கன்கள் டிசம்பர் 2025-ல் செல்லாமல் போயின. வெளியிடும் உரிமை உள்ள புது டோக்கன்களின் ஆயுள் அதிகபட்சம் 90 நாள். ஆறு இலக்க எண் முறையிலிருந்து பாஸ்கீக்கு மாறச் சொல்கிறார்கள். டோக்கனே இல்லாமல், குறிப்பிட்ட பில்டு சர்வரின் குறிப்பிட்ட வேலை மட்டுமே வெளியிட முடியும் என்ற 'டிரஸ்டட் பப்ளிஷிங்' முறை 2025 ஜூலையிலிருந்து எல்லாருக்கும் கிடைக்கிறது. திருட டோக்கன் இல்லை என்றால் புழுவுக்குப் பரவ வழி குறைகிறது.

இந்தியாவில் சிஇஆர்டி-இன் அமைப்பின் 2022 உத்தரவுப்படி, சைபர் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். மென்பொருளுக்குள் என்னென்ன பேக்கேஜ், எந்த வெர்ஷன் இருக்கிறது என்ற உட்பொருள் பட்டியலை எப்படித் தயாரிப்பது என்று 2024-ல் வழிகாட்டுதலும் வெளியிட்டு, 2025-ல் அதை விரிவுபடுத்தியது. பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் இருக்கும் பட்டியல் மாதிரி. செப்டம்பர் 8 இரவு, 'நம்மிடம் சாக் இருக்கிறதா, எந்த வெர்ஷன், எந்த புராஜெக்ட்டில்' என்ற கேள்விக்கு அந்தப் பட்டியல் வைத்திருந்தவர் பத்து நிமிடத்தில் பதில் சொல்லியிருப்பார். இல்லாதவருக்கு ஒவ்வொரு டீமையும் போனில் கூப்பிடுவதிலேயே 6 மணி நேரம் போயிருக்கும்.

இந்த ஏற்பாடுகளில் தொடப்படாமலே நிற்பது பராமரிப்பாளரின் நிலைமை. பாஸ்கீ வாங்கு, டோக்கனை மாற்று, பில்டைத் திருத்து என்று எல்லா விதியும் அவர் தலையில்தான் விழுகிறது. அவருடைய நிரலை வைத்துச் சம்பாதிக்கும் நிறுவனங்களில் பெரும்பாலானவை அவருக்கு ஒரு பைசா கொடுப்பதில்லை. 2022 ஜனவரியில் 'கலர்ஸ்' பேக்கேஜின் ஆசிரியர், இதைப் பற்றி முன்பே புலம்பியிருந்தவர், தன் சொந்த பேக்கேஜிலேயே முடிவில்லாமல் ஓடும் நிரலைப் போட்டு ஆயிரக்கணக்கான புராஜெக்ட்களை நிறுத்தினார். அவர் செய்தது சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஹேக்கர் யாரும் வராமலே அது நடந்தது. பாஸ்கீயும் 90 நாள் டோக்கனும் அதைத் தடுத்திருக்காது.